குழூஉக்குறியும் அகராதியும்

மொழியின்கண் வழங்கும் சொற்கள் யாவும் ஒரே தகுதியின அல்ல என்பதனை நம் இலக்கண ஆசிரியர்கள் தொன்றுதொட்டே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியனார் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். நன்னூலார் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக்கித் தகுதி வழக்கினுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றனையும் அடக்கினார். இவற்றுள் குழூஉக்குறி என்பது, ஒரு குழுவினர் யாதானும் ஒரு காரணம் பற்றி ஒரு பொருளின் இயற்பெயரை ஒழித்து, வேறொரு பெயரால் தம்முள் வழங்குவதாகும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்றும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்றும் வழங்கினர் என்று உரைகள் காட்டும். உண்டாரைப் பேசவைப்பது எதுவோ அதற்குச் ‘சொல்விளம்பி’ என்று பெயரிட்டவன் எவனோ நாம் அறியோம். ஆயினும் அவன் நகைச்சுவை இன்றும் நமக்கு விளங்குகின்றது. விளங்குதற்குக் காரணம் உரையாசிரியர்கள் அச்சொல்லை இழிந்ததென்று ஒதுக்காமல் எடுத்தெழுதி வைத்தமையே.

இக்காலத்தில் இணையத்தின் வழியே இளைஞரிடைப் பிறந்து பரவும் சொற்கள் பல உள. அவை அகராதியுள் இடம்பெறலாமா, பெறின் எவ்வாறு பெறவேண்டும் என்னும் வினா உலகெங்கும் எழுந்துள்ளது. தமிழிலும் அவ்வினா எழுந்துள்ளது. ஆயினும் அது முறையாக ஆராயப்படவில்லை. ‘மொழி கெடுகின்றது’ என்று இரங்குவார் ஒருபாலும், ‘மொழி வளர்கின்றது’ என்று மகிழ்வார் ஒருபாலும் நிற்கின்றனர். இரு திறத்தாரும் ஒரு செய்தியை மறந்தனர் என்பதே இக்கட்டுரையின் கருத்து. சொல்லை ஏற்பதா மறுப்பதா என்பதன்று முதன்மையான வினா; சொல்லின் வரலாற்றை நாளிட்ட சான்றுடன் பதிவு செய்யும் அகராதி தமிழில் உண்டா என்பதே முதன்மையானது.

1. அயல்மொழி அகராதிகளும் நம் மகிழ்ச்சியும்

2016-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதி ‘ஐயோ’ என்னும் சொல்லைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு செப்டம்பரில் இந்திய ஆங்கிலத்திற்குரியனவாக எழுபது அளவிலான சொற்களைச் சேர்த்தபொழுது, மூத்தோனைக் குறிக்கும் ‘அண்ணா’ என்பதும் அவற்றுள் ஒன்றாயிற்று. இச்செய்திகளைத் தமிழ்நாட்டு இதழ்கள் பெருமையுடன் வெளியிட்டன. தமிழ்ச்சொல் உலக அகராதி ஏறியது எனப் பலரும் மகிழ்ந்தனர்.

இம்மகிழ்ச்சி இயல்பானதே, ஆயினும் அதன் அடிப்படை பிழையுடையது. ஆக்சுபோர்டு அகராதி ‘ஐயோ’ என்பதனைத் தமிழ்ச்சொல்லாகப் போற்றி ஏற்றுக்கொள்ளவில்லை, ஆங்கிலம் எழுதுவோர் அச்சொல்லைத் தம் எழுத்தில் வழங்கினர் என்னும் உண்மையைப் பதிவு செய்தது, அவ்வளவே. தென்னிந்தியர், இலங்கையர், மலேசிய சிங்கப்பூர் மக்கள் ஆகியோர் எழுதிய ஆங்கிலத்தில் அச்சொல் வழங்கியதற்கு மேற்கோள்கள் கிடைத்தன. கிடைத்தமையால் அது தலைச்சொல் ஆயிற்று. இதனைப் பட்டம் சூட்டும் விழாவாகக் கருதுதல் பொருந்தாது. சாட்சி பதிவு செய்தல் என்று கொள்ளுதலே பொருந்தும்.

சாட்சியின் பயன் யாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். வியப்பைக் குறிக்கும் ‘ஓ.எம்.ஜி.’ என்னும் தலைப்பெழுத்துத் தொகை 2011-ஆம் ஆண்டு மார்ச்சில் அவ்வகராதியுள் புகுந்தது. கைப்பேசியில் செய்தி அனுப்பும் சிறுவர் ஆக்கிய சொல் என்றே அதனைப் பலரும் கருதியிருந்தனர். அகராதியாளர் தேடியபொழுது, பிரித்தானியக் கடற்படைத் தலைவர் பிஷர் 1917-ஆம் ஆண்டு சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அத்தொகை பயின்றிருத்தலைக் கண்டனர். இவ்வாறே 2024-ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்சுபோர்டு அறிவித்த ‘மூளை அழுகல்’ என்னும் பொருளுடைய தொடர், 1854-ஆம் ஆண்டில் வெளிவந்த தோரோவின் ‘வால்டன்’ என்னும் நூலிலேயே காணப்படுகின்றது. புதியன என்று நாம் இகழ்வன சில பழையன. பழையன என்று நாம் போற்றுவன சில புதியன. இவற்றை வேறுபடுத்தி அறிதற்குக் கருவி நாளிட்ட மேற்கோளே. கேம்பிரிட்சு அகராதி 2025-இல் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களையும் பொருள்களையும் சேர்த்தது. அவற்றுள் ‘ஸ்கிபிடி’, ‘டெலூலூ’ போன்ற இணையக் குழூஉக்குறிகளும் இருந்தன. அவற்றை ஆங்கிலேயர் பலரும் நகைத்தனர். அந்நகைப்பும் நூறாண்டுக்குப் பின் ஒரு வரலாற்றுச் செய்தியாகலாம்.

அகராதி ஆசிரியன் மொழியின் காவலனா, பதிவாளனா என்னும் பூசல் ஆங்கிலத்திலும் எளிதில் தீர்ந்ததன்று. 1755-இல் தம் அகராதியை வெளியிட்ட சான்சன், மொழியை மாறாமல் நிலைநிறுத்தலாம் என்று தாம் தொடக்கத்தில் எண்ணியதையும், அவ்வெண்ணம் நிறைவேறாததென்று பின்னர் உணர்ந்ததையும் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். 1961-இல் வெப்சுடரின் மூன்றாம் பெரும்பதிப்பு வெளிவந்தபொழுது, பேச்சு வழக்குகளை அளவின்றி ஏற்றது என்று அமெரிக்க இதழ்கள் கடுமையாகச் சாடின. இன்று அப்பதிப்பை அறிஞர்கள் சான்றாக எடுத்தாளுகின்றனர்.

2. அகராதி நீதிமன்றம் ஏறியமை

நம் நாட்டில் இவ்வினா வெறும் ஆராய்ச்சியளவில் நிற்கவில்லை. 2006-ஆம் ஆண்டு தமிழக அரசு தமிழ்ப்பெயர் சூடிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரியினின்றும் விலக்களித்தது. பின்னர் அவ்விதியில் வேறு கட்டுப்பாடுகளும் சேர்ந்தன. 2016-ஆம் ஆண்டு பொங்கலையொட்டி ‘கெத்து’ என்னும் படம் வெளிவந்தபொழுது, அப்பெயர் தமிழ்ச்சொல் அன்று எனக் கூறி வரிவிலக்கு மறுக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நீதிமன்றத்தின் முடிபு வரிச்சட்டத்தைச் சார்ந்தது. அதனை ஈண்டு நாம் ஆராயவேண்டுவதில்லை. 2017-ஆம் ஆண்டு சரக்கு சேவை வரி வந்தபின் அவ்வரிவிலக்கு முறையும் பழங்கதையாயிற்று. ஆயினும் அவ்வழக்கு எழுப்பிய வினா பழங்கதை ஆகவில்லை. ஒரு சொல் தமிழ்ச்சொல்லாதல் யாங்ஙனம் மெய்ப்பிக்கப்படும் என்பதே அவ்வினா.

‘அகராதியில் இருந்தால் தமிழ், இல்லையேல் அயல்’ என்பது பொதுமக்கள் கருத்து. இக்கருத்து இருவகையில் வழுவுடையது. முதலாவதாக, பழைய அகராதியொன்றில் அதே எழுத்துகளால் ஆகிய சொல் இருந்தாலும், அது இன்று இளைஞர் வழங்கும் பொருளில் இருந்தது என்று ஆகாது. வடிவ ஒற்றுமை வேறு, சொல்லொற்றுமை வேறு. இரண்டாவதாக, அகராதியில் ஒரு சொல் இல்லாமை, அது மொழியில் இல்லாமைக்குச் சான்றாகாது. தொகுத்தோர் செவிக்கு அது எட்டவில்லை என்பதற்கே சான்றாகும். அம்பத்தூர்ப் பேருந்து நிலையத்தில் நாளும் ஆயிரம் வாயில் வழங்கும் சொல் ஒன்று, நூலேறவில்லை என்னும் ஒரே காரணத்தால் தமிழ் அன்று என்று ஒதுக்கப்படுமாயின், அப்பேருந்து நிலையத்தில் நிற்போர் பேசும் மொழி யாது என்னும் வினாவுக்கு விடை கூறுவார் யார்?

3. நம் அகராதி மரபு

திசைச்சொல்லையும் பேச்சுச்சொல்லையும் ஒதுக்குவது தமிழ் மரபு என்று கூறுவாருளர். அது பொருந்தாமையை நம் உரைகளே காட்டும். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களுக்கு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தந்துள்ளனர். தாயைத் ‘தள்ளை’ என்பது குட்டநாட்டு வழக்கு. தந்தையை ‘அச்சன்’ என்பது குடநாட்டு வழக்கு. நாயை ‘ஞமலி’ என்பது பூழிநாட்டு வழக்கு. தோழியை ‘இகுளை’ என்பது சீதநாட்டு வழக்கு என்பன அவை. இவற்றுள் ‘ஞமலி’யும் ‘இகுளை’யும் சங்கச் செய்யுளுள் பயின்ற சொற்கள் என்பதை மாணவர் யாவரும் அறிவர். ஒரு வட்டாரத்துக்குரியதென்று குறிக்கப்பட்ட சொல் சான்றோர் செய்யுளுள் வீற்றிருத்தற்கு அவ்வட்டாரத் தன்மை தடையாகவில்லை.

அச்சுக்காலத்திலும் இந்நிலை தொடர்ந்தது. 1679-ஆம் ஆண்டு அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கீச அகராதி மக்கள் வாய்ச்சொற்கள் பலவற்றைக் கொண்டது. தனிநாயக அடிகளார் 1966-இல் அதனை மீண்டும் வெளியிட்டபின், பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழை அறிதற்கு அது அரிய கருவியாயிற்று. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்ததோடு, கொடுந்தமிழுக்கெனத் தனி இலக்கணமும் வரைந்தார். அயல்நாட்டுத் துறவியர் இதனைச் செய்தமைக்குக் காரணம் மக்களோடு பேசவேண்டிய தேவையே. அத்தேவை இல்லாதோர் நிகண்டுகளோடு அமைந்தனர்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் பிற்சேர்க்கையாகவும் வெளிவந்தது. ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அப்பெருநூலில் வையாபுரிப்பிள்ளையும் அவரொடு உழைத்தோரும் வட்டார வழக்கு, உலக வழக்கு ஆகியவற்றைக் குறியிட்டுச் சேர்த்தனர். யாழ்ப்பாணத்துக்குரியனவும் நாஞ்சில் நாட்டுக்குரியனவும் தனிக் குறி பெற்றன. ஆகவே பேரகராதி பேச்சுச் சொல்லை வெறுத்தது என்று கூறுதல் அடாது. அதன் குறை வேறொன்று. இலக்கியச் சொல்லுக்கு நூற்பெயரும் இடமும் காட்டிய அவ்வகராதி, பேச்சுச் சொல்லுக்கு வெறுங்குறி ஒன்றனையே இட்டது. யார், எப்பொழுது, எவ்விடத்து வழங்கினர் என்பதற்கு மேற்கோள் இல்லை. இலக்கியச் சொல்லுக்கும் நூற்பெயர் உண்டேயன்றி ஆண்டு இல்லை. சொற்களை வரலாற்று முறையில் வரிசைப்படுத்தும் கொள்கை அன்று மேற்கொள்ளப்படவில்லை.

1992-இல் முதற்பதிப்பாக வந்து 2008-இலும் 2020-இலும் விரிவுபெற்ற க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மற்றொரு பெருமுயற்சி. இக்காலத் தமிழ் எவ்வாறு உளதோ அவ்வாறே அதனைக் காட்டுதல் வேண்டும் என்னும் கொள்கையை அது துணிந்து மேற்கொண்டது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தந்தது. பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, இலங்கை வழக்கு எனக் குறித்தது. இத்தனை சிறப்புடைய அவ்வகராதியும் சொற்கள் எப்பொழுது தோன்றின, பொருள்கள் எப்பொழுது மாறின என்பவற்றைக் கூறுவதில்லை. கூறுதல் அதன் நோக்கமும் அன்று. 1974-இல் தேவநேயப் பாவாணர் தலைமையில் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டமோ வேர்ச்சொல்லை நாடிப் பின்னோக்கிச் செல்வது. வேர் ஒருபுறமும் இன்றைய தளிர் ஒருபுறமும் நிற்க, இடைப்பட்ட கிளை நமக்குப் புலனாகவில்லை.

வட்டார அகராதிகள் இக்குறையை ஓரளவு நிரப்பின. கி. ராஜநாராயணன் கரிசல் நிலத்துக்கும், பெருமாள்முருகன் கொங்கு நாட்டுக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கும் சொல்லகராதிகள் ஆக்கினர். இவர் மூவரும் படைப்பிலக்கியம் செய்தோர் என்பது கருதற்பாலது. பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய பணியை எழுத்தாளர் தனித்து நின்று செய்தனர்.

4. மேற்குப் புறநகர்ச் சொற்கள் சில

சென்னையின் மேற்குப் புறநகர்கள் சொல்லாராய்ச்சிக்கு ஏற்ற களம். அம்பத்தூரில் 1964-இல் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1965 முதல் பீரங்கி வண்டிகளைச் செய்து வந்தது. தென்மாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் ஆங்குக் குடியேறினர். பூவிருந்தவல்லியோ ஆற்காட்டுச் சாலையையும் தொண்டைநாட்டுச் சிற்றூர்களையும் நகரோடு இணைப்பது. உழவர் சொல்லும் ஆலைத் தொழிலாளர் சொல்லும் உருதுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒருங்கு கலக்கும் இடம் இது. இன்று இப்பகுதி இளைஞர் கைப்பேசியில் எழுதும் சொல் அன்று மாலையே கோவைக்கும் கொழும்புக்கும் சென்றுவிடுகின்றது. குழுவைக் கடந்த குழூஉக்குறி பொதுச்சொல் ஆகின்றது.

முதற்கண் ‘மொக்கை’ என்னும் சொல்லை நோக்குவோம். கத்தியின் முனை மழுங்கியதை மொக்கை என்றல் பழவழக்கு. இன்று சுவையற்ற பேச்சும் சுவையற்ற படமும் மொக்கை எனப்படுகின்றன. இம்மாற்றம் தனியே நிகழவில்லை. முந்திய தலைமுறையார் சுவையற்ற பேச்சை ‘அறுவை’ என்றனர்; ‘ரம்பம்’ என்றும் ‘பிளேடு’ என்றும் கூறினர். அறுக்கும் கருவி பற்றிய உருவகம் தொடர்ந்து வந்து, கூரிழந்த கருவியால் அறுபடுதல் மேலும் துன்பம் என்னும் குறிப்பில் ‘மொக்கை’யாகி நின்றது எனலாம். உருவகம் ஒன்றே, கருவி மட்டும் மாறிற்று. மொழி கெட்டது என்று கூறுவார் இவ்வொழுங்கைக் காணவில்லை.

அடுத்து, ‘கலாய்த்தல்’. நண்பரை எள்ளி நகையாடுதல் இதன் இன்றைய பொருள். பேரகராதி இவ்வினைக்குக் கலகஞ் செய்தல், சினத்தல் என்று பொருள் கூறும். ‘கலாம்’ என்னும் பெயர் பூசல் என்னும் பொருளில் மணிமேகலை விழாவறை காதையுள் வருகின்றது. எனவே இளைஞர் சொல் காப்பியச் சொல்லின் வழித்தோன்றல் என்று கூற நா எழுகின்றது. பூசல் பொய்ப்பூசலாகி, பொய்ப்பூசல் எள்ளல் ஆயிற்று என்பது இயலாத மாற்றமன்று. ஆயினும், ‘கலாட்டா’ என்னும் சொல்லினின்றும் அண்மையில் புதிதாகப் பிறந்த வினை அது என்பாரையும் நாம் மறுக்க இயலவில்லை. காப்பியத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே அச்சொல் எங்கெங்கே வழங்கிற்று என்பதற்கு வரிசைப்பட்ட மேற்கோள் இல்லை. ஆங்கிலேயர் 1917-ஆம் ஆண்டுக் கடிதத்தைக் காட்டி வழக்கைத் தீர்த்தனர். நாமோ நம் விருப்பத்தைக் காட்டித் தீர்க்க முயல்கின்றோம்.

‘முட்டுக்கொடுத்தல்’ என்பது சாயும் சுவருக்குக் கழி நிறுத்துதல். இன்று நிற்கமாட்டாத கருத்துக்கு ஆதரவாகப் பேசுதலை அது குறிக்கின்றது. ‘உருட்டு’ என்பது நம்பத்தகாதவற்றை அடுக்கிக் கூறுதலைக் குறிக்கின்றது. இவ்விரண்டும் தூய தமிழ்ச் சொற்களே, பொருளே புதிது. ‘சம்பவம்’ வடசொல், நிகழ்ச்சி என்னும் பொருளில் செய்தித்தாள் தமிழில் வழங்கியது. ‘சம்பவ இடம்’ என்னும் காவல்துறைத் தொடரின் சார்பால் அச்சம் தரும் நிகழ்ச்சி என்னும் சாயல் பெற்று, இன்று எவரும் வியக்கும் அருஞ்செயலைக் குறிக்கும் அளவிற்கு உயர்ந்துள்ளது. தாழ்ந்த பொருள் உயர்தலும் உயர்ந்த பொருள் தாழ்தலும் சொற்பொருளியலில் நாம் பாடமாகக் கற்பிப்பனவே. ‘நாற்றம்’ நறுமணத்தினின்றும் இழிந்ததை மாணவர்க்குக் கூறும் நாம், ‘சம்பவம்’ உயர்ந்ததைக் கூறத் தயங்குவதற்குக் காரணமில்லை.

சென்னைக்கே உரிய வசைச்சொல்லாகக் கருதப்படும் ‘கஸ்மாலம்’ வடமொழியில் ‘கச்மலம்’ என நின்ற சொல். பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் அருச்சுனனின் தளர்ச்சியைக் கடியுமிடத்து அது வருகின்றது. ‘பேஜார்’ பாரசீகத்தினின்றும், ‘கலீஜ்’ அரபியினின்றும் உருது வழியே வந்தன. தெருச்சொல் எனப்படுவன பிறப்பிலே தெருவைச் சேர்ந்தன அல்ல. அவற்றின் பயணமே தெருவில் முடிந்தது.

ஊர்ப்பெயர்களும் இவ்வுண்மையை விளக்கும். பூவிருந்தவல்லி மக்கள் வாயில் பூந்தமல்லியாயிற்று. ஆங்கில எழுத்தில் பூனமல்லியாயிற்று. 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துவடிவைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றுமாறு அரசாணை வெளிவந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எழுத்து வடிவா, மக்கள் ஒலிக்கும் வடிவா, எதனை ஏற்பது என்னும் சிக்கலே அவ்வாணையைச் சூழ்ந்தது. ஆவடி என்பது படைக்கலக் கிடங்கொன்றின் ஆங்கிலப் பெயருடைய தலைப்பெழுத்துகளின் தொகை என்னும் கூற்று இணையத்தில் பெரிதும் பரவியுள்ளது. கேட்போர் நம்புகின்றனர், ஏனெனில் கூற்று கவர்ச்சியுடையது. படைத்துறை ஆங்குக் கால்கொள்ளுமுன் அப்பெயர் வழங்கிற்றா என்னும் ஒரே வினாவை எழுப்பி, நாளிட்ட ஆவணத்தைத் தேடுவதே ஆராய்ச்சி நெறி. ஊர்ப்பெயருக்கு வேண்டும் இந்நெறி இளைஞர் சொல்லுக்கும் வேண்டும்.

5. தடைகளும் விடைகளும்

இச்சொற்கள் நிலையற்றன, நீர்க்குமிழி போல்வன, ஆதலின் அகராதிக்கு ஆகா என்பர் ஒரு சாரார். நிலையற்றன பல என்பது மெய்யே. அதனாலேயே அகராதியாளர் ஒரு சொல்லின் பரவலையும் நீடிப்பையும் பொருள் உறுதியையும் நோக்குகின்றனர். ஒருவர் எழுத்தில் மட்டும் காணப்படுவது போதாது. தொடர்பற்ற பலர் எழுத்தில், பல ஆண்டுகளில் காணப்படல் வேண்டும். இத்தேர்வில் தேறிய சொல்லும் பின்னர் வழக்கொழியலாம். ஒழிந்தாலும் ஆக்சுபோர்டுப் பேரகராதி அதனை நீக்குவதில்லை. வழக்கிறந்தது எனக் குறிக்கின்றது. ‘பறி’யும் ‘சொல்விளம்பி’யும் ஒழிந்த சொற்களே. அவற்றைப் போற்றிப் பாடஞ் சொல்லும் நாம் நிலையாமையைக் குறையாகக் கூறுதல் முரண்.

அகராதி ஏறினால் மாணவர் தேர்வுத்தாளில் இவற்றை எழுதுவர் என்பர் மற்றொரு சாரார். அகராதியின் குறியீடு இதற்கெனவே உள்ளது. இடமறிந்து சொல்லை வழங்குதல் கற்பிக்கப்பட வேண்டியது. சொல்லை மறைத்து அதனைக் கற்பித்தல் இயலாது. சாதியையும் பெண்பாலாரையும் இழித்துக் கூறும் சொற்கள் இக்குழூஉக்குறிகளுள் உண்டு. அவற்றை இழிவுச்சொல் என்றே வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். குறியின்றிச் சேர்த்தலும் தவறு. சேர்க்காமல் விடுத்து அவ்விழிவே நம்மிடை இல்லை என்பதுபோல் ஒழுகலும் தவறு.

இனி, இலக்கிய மாணவர்க்கு நேரும் இழப்பு ஒன்று உண்டு. ஜெயகாந்தன் 1960-களில் சென்னைச் சேரி மக்களின் பேச்சைத் தம் கதைகளில் அமைத்தார். ‘உன்னைப் போல் ஒருவன்’ கற்கும் நெல்லை மாணவரும் மலேசிய மாணவரும் அதன் சொற்கள் சிலவற்றுக்கு எந்த அகராதியைப் புரட்டுவர்? பதிற்றுப்பத்தின் அருஞ்சொல்லுக்கு உரை கிடைக்கின்றது. அறுபது ஆண்டுக்கு முற்பட்ட புதினத்தின் சொல்லுக்கு உரை கிடைக்கவில்லை. அச்சொற்களைத் தாமே வழங்கியோர் முதியராயினர். அவர்க்குப் பின் நாம் ஊகித்தே உரைகாண வேண்டும்.

6. செய்யற்பாலன

பேச்சுத்தமிழ் எழுத்துருப் பெற்றுத் தானே நாளிட்டுக்கொண்டது இணையத்திலேயே. கல்வெட்டுக்கும் ஓலைக்கும் இல்லாத இவ்வசதி, 1990-களின் இடைப்பகுதி முதல் நமக்குக் கிட்டியது. ஒரு சொல் முதலில் எழுதப்பட்ட நாளையும் பொழுதையும் அறியலாம். ஆயின் அச்சான்று கல்லில் வெட்டியதன்று. இலவசப் பக்கங்கள் பலவற்றைத் தாங்கிய ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. நம் நாட்டு இளைஞர் பெரிதும் எழுதிய ஆர்க்குட் 2014-இல் மூடப்பட்டது. கூகிள் பிளஸ் 2019-இல் மறைந்தது. ஓலைச்சுவடிகள் செல்லரிக்க நூறாண்டு வேண்டியிருந்தது; இவை மறைய ஒரு நாள் போதுமானதாயிற்று. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று சுவடி தேடிய வரலாற்றைக் கற்பிக்கும் நம் துறைகள், நம் கண்முன் மறையும் சுவடிகளைக் காணாதிருத்தல் தகாது.

ஆகவே சில செயல்கள் உடனே வேண்டப்படுகின்றன. தமிழ்ச் சொற்களை வரலாற்று முறையில், ஆண்டு வரிசைப்பட்ட மேற்கோளோடு தரும் அகராதிக்குப் பல்கலைக்கழகத் துறைகள் ஒன்றுகூடி அடிகோலுதல் வேண்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ச்சொற்கள் ஐம்பதனைப் பொருள், வழங்கிய இடம், வழங்கியோர் அகவை, முதலில் கண்ட எழுத்துச் சான்று, அதன் நாள் ஆகியவற்றுடன் தொகுத்து அளித்தல் ஆய்வுப் பயிற்சியின் பகுதியாகலாம். ஆவடி மாணவர் ஆவடிச் சொல்லையும், நாகை மாணவர் நாகைச் சொல்லையும் தொகுப்பின், பத்தாண்டில் பெருஞ்செல்வம் திரளும். சேர்ப்பதா விடுப்பதா என்பதைத் திரண்டபின் ஆராயலாம். திரட்டாமல் ஆராய்தல் பயனற்றது.

பிறமொழி அகராதியொன்று நம் ‘ஐயோ’வை ஏற்றபொழுது நாம் மகிழ்ந்தோம். அச்சொல்லைத் தமிழர் எந்நூற்றாண்டில், எவ்வெவ்வுணர்ச்சியில், எவ்வெவ்வாறு வழங்கினர் என்பதற்கு ஆண்டு வரிசையுடன் மேற்கோள் காட்டும் தமிழ் அகராதி இன்னும் இல்லை. அதனை ஆக்கும் பொறுப்பு தமிழ்த்துறைகளுடையது.